பெயர் கிடைக்கும் முன்பே தொடங்குங்கள்: வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தையின் பெற்றோருக்கு

என் மகனுக்கு அப்போது 19 மாதம். "தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பான்?" என்று மருத்துவர் கேட்டார். "கேட்கவே மாட்டான் டாக்டர், அவனுக்குப் பேச்சு வரவில்லை" என்றேன். பக்கத்தில் இருந்த என் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயின் மேல் வைப்பான். என் முகத்தைப் பார்க்க மாட்டான், கையை மட்டும்தான் பார்ப்பான்." அதுவரை தட்டச்சு செய்துகொண்டிருந்த மருத்துவர் கையை எடுத்துவிட்டு, அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

நான் கொண்டுபோயிருந்த பட்டியலில் இருந்ததெல்லாம் 'இல்லை'கள்தான். பேசவில்லை, சுட்டிக்காட்டவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. அவருக்குப் பயன்பட்டதோ, அவன் என்ன செய்கிறான் என்ற அந்த ஒரு காட்சி.

இப்போது அவனுக்கு ஆறு வயது. ஏன் இப்படி என்ற கேள்விக்கு முழு விடை இன்னும் வரவில்லை. இந்தப் பாதையில் புதிதாகக் கால் வைப்பவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்: காரணத்தைத் தேடுவது ஒரு வேலை, குழந்தைக்கு உதவுவது இன்னொரு வேலை. முதலாவது முடியட்டும் என்று இரண்டாவதை நிறுத்தி வைக்காதீர்கள். நாங்கள் ஏழு மாதம் நிறுத்தி வைத்தோம்.

முதலில் ஒரு நோட்டு

கைபேசியோ காகிதமோ, எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தேதி, குழந்தையின் வயது, கண்ணால் பார்த்தது. தீர்ப்பு எழுத வேண்டாம். "பிடிவாதம் அதிகம்" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது உங்களுக்கே ஒன்றும் புரியாது. "விளக்கை அணைத்தால் 20 நிமிடம் அழுகிறான், மறுபடி போட்டவுடன் அழுகை நிற்கிறது" என்று எழுதினால் படிக்கும் மருத்துவருக்கு அதில் பிடி கிடைக்கும்.

சொற்களை எண்ணுவதில் பலரும் தடுமாறுகிறோம். உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பந்தைப் பார்க்கும்போதெல்லாம் தானாக "ப்பா" என்கிறாள் என்றால் அது ஒரு சொல்தான். நாம் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வதைத் தனியாகக் குறியுங்கள். முன்பு சொல்லிக்கொண்டிருந்து இப்போது சொல்லாமல் விட்ட சொற்களையும் தனியாக, அவற்றைக் கடைசியாகக் கேட்ட தேதியோடு எழுதுங்கள். அந்தப் பட்டியலில் ஒன்றோ இரண்டோ இருந்தாலும் அது முக்கியம்.

வீடியோ எடுங்கள். அரை நிமிடம் போதும். "சொல்லு, சொல்லு" என்று குழந்தையைத் தூண்டி எடுப்பதில் பயனில்லை. அது விளையாடும்போது, சாப்பிடும்போது, பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, படி ஏறும்போது ஓரமாக நின்று எடுங்கள். மருத்துவரின் அறையில் குழந்தை உறங்கிவிடும், அல்லது அழுது தீர்த்துவிடும். நீங்கள் வாயால் பத்து நிமிடம் விளக்குவதை அந்த வீடியோ காட்டிவிடும். வலிப்பாக இருக்குமோ என்று சந்தேகப்படும் அசைவுகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

நோட்டின் முதல் பக்கத்தைப் பின்னணிக்கு ஒதுக்குங்கள்: கர்ப்பகாலச் சிக்கல்கள், எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, பிறப்பு எடை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்கள், கடும் மஞ்சள் காமாலை, வலிப்பு; பெற்றோர் இருவரும் இரத்த உறவினர்களா, இரு பக்கக் குடும்பத்திலும் கற்றல் சிரமம், தசைநோய், செவித்திறன் குறைவு, தொடர் கருச்சிதைவு உண்டா என்பன. ஒவ்வொரு புதிய மருத்துவரும் இதையேதான் கேட்பார். ஒவ்வொரு முறையும் மனப்பாடமாக ஒப்பிப்பது களைப்பு மட்டுமல்ல, ஏதாவது ஒன்று விட்டும் போகும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஒரு கணக்கு உண்டு. 40 வாரத்துக்கு எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அதை வயதிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். 32 வாரத்தில் பிறந்த 18 மாதக் குழந்தையை ஏறக்குறைய 16 மாதக் குழந்தையோடு ஒப்பிட வேண்டும். பொதுவாக இரண்டு வயது வரை இப்படிக் கழிப்பார்கள்.

எது தாமதம், எது அவசரம்

குழந்தைகளின் நடை, பேச்சு எல்லாவற்றுக்கும் இயல்பான வீச்சு மிகப் பெரியது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியிட்ட கணக்கின்படி, தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். அவர்களில் 4.3 சதவீதக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. ஆகவே பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் ஓடுவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அதே சமயம் 18 மாதம் முடிந்தும் பிடிமானமின்றி நடக்காவிட்டால், அதை 'கொஞ்சம் மெதுவு' என்று விட்டுவிடவும் கூடாது.

பேச்சிலும் பழக்கத்திலும் கவனிக்க வேண்டியவை: 9 மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது; 12 மாதத்தில் கையசைப்பது போன்ற சைகைகள்; 18 மாதத்தில் ஒரு விமானத்தையோ நாயையோ "பார்" என்பதுபோல் உங்களுக்குச் சுட்டிக்காட்டுவது; இரண்டு வயதில் இரண்டு சொற்களைத் தானாகச் சேர்ப்பது. இவற்றில் சுட்டிக்காட்டுவதற்கு நான் அதிக எடை கொடுப்பேன். ஒரு பொருள் வேண்டும் என்று சுட்டுவது ஒன்று. வேண்டாவிட்டாலும் "நீயும் பார்" என்று சுட்டுவது வேறு. இந்த இரண்டாவது வகை இல்லாதிருப்பதைத்தான் பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காமல் விடுகிறோம், நானும் விட்டேன்.

ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை மடக்கியே வைத்திருந்தால், "இடது கைக்காரன் போலிருக்கிறது" என்று சிரித்துவிட்டுப் போகாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த வயதில் கைப்பழக்கம் உறுதியாவதில்லை.

அடுத்த வாரத்துக்கு என்று தள்ளிப்போடக் கூடாதவை இரண்டு. ஒன்று, எந்த வயதிலானாலும் கற்ற திறன் நழுவுவது: பேசிய சொற்கள் மறைவது, நடை தளர்வது, கைகளைப் பயன்படுத்துவது நிற்பது. மற்றது வலிப்பு. கைக்குழந்தைகளிடம் அது உடல் வெட்டுவதுபோல் வராமல், தூங்கி எழுந்ததும் தலையும் கைகளும் சட்டென்று உள்நோக்கி மடங்கும் அசைவாக, அடுத்தடுத்து வரிசையாக வரலாம். திடுக்கிடுவது என்றோ வயிற்றுவலி என்றோ நினைத்துவிடுவார்கள். வீடியோ எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

முதல் சந்திப்பு

தடுப்பூசிக்குப் போகும் நாளில் கடைசி நிமிடத்தில் "இன்னொரு விஷயம் டாக்டர்" என்று ஆரம்பிக்காதீர்கள். இதற்கென்றே தனியாக நேரம் கேட்டுப் பெறுங்கள். முடிந்தால் இருவராகப் போங்கள். ஒருவர் பேச, மற்றவர் எழுதலாம். குழந்தையைத் தினமும் பார்த்துக்கொள்பவர் வேறொருவர் என்றால் அவரும் வரட்டும்.

கேள்வித்தாள் ஒன்றைத் தருவார்கள். 16 முதல் 30 மாதம் வரையான குழந்தைகளுக்கு ஆட்டிசம் சாத்தியத்தை அறிய எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட தாள் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. அது சல்லடை மட்டும்தான், நோய்முடிவு அல்ல. கவலை தரும் பதில்களின் எண்ணிக்கை 3 முதல் 7 வரை வந்தால், 'ஆம், இல்லை' என்று குறித்தவற்றை உதாரணங்களோடு மறுபடி விசாரிப்பார்கள். அந்த இரண்டாம் சுற்றில் கவலை நீங்குவதும் உண்டு. எப்போதோ ஒரு முறை செய்ததை 'ஆம்' என்று குறித்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். வழக்கமாகச் செய்கிறதா என்பதுதான் கேள்வி.

"ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள், பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடவும் கூடும். எங்களை அனுப்பினார்கள். சண்டை போட வேண்டாம். இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள்: "எத்தனை வாரம் பொறுக்கலாம்? அதற்குள் என்ன மாற்றம் வராவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்?" பதிலை அவர் முன்னிலையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பொறுக்கச் சொல்வதில் தவறில்லை, அதற்கு ஒரு தேதி இருக்கும்வரை. தேதி கொடுக்க மறுத்தால் இன்னொரு மருத்துவரிடம் போகலாம். குழந்தை வளர்ச்சி நிபுணர், குழந்தை நரம்பியல் நிபுணர் இருவரில் யார் உங்களுக்கு எட்டுகிறாரோ அவரிடம் பெயர் பதிந்துவிட்டு, காத்திருக்கும் காலத்தில் மற்றதைத் தொடங்குங்கள்.

காதில் தொடங்குங்கள்

பேச்சு தாமதம் என்றால் மற்ற எதற்கும் முன்னால் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். "கதவு அடித்தால் திரும்புகிறான், பாட்டுப் போட்டால் ஓடி வருகிறான், காது நன்றாகத்தான் கேட்கிறது" என்று நான் வாதாடியிருக்கிறேன். கதவுச் சத்தம் தாழ்ந்த அதிர்வு, பெருத்த ஓசை. பேச்சில் சொல்லுக்குச் சொல் வேறுபடுத்திக் காட்டும் 'ச', 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகள் மெல்லியவை, உயர் அதிர்வில் இருப்பவை. முன்னது கேட்டுப் பின்னது கேட்காமல் போகும் செவிக்குறைபாடு உண்டு. அந்தக் குழந்தைக்கு நம் பேச்சு சுவருக்கு அப்பால் யாரோ முணுமுணுப்பதுபோல் இருக்கும்.

பிறந்தவுடன் எடுத்த சோதனையில் தேறியிருந்தாலும் மறுபடி எடுக்க வேண்டும். குறைபாடு பின்னாலும் வரலாம், நடுச்செவியில் நீர் தேங்கியும் கேட்காமல் போகலாம். சிறு குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லாத சோதனைகள் இருக்கின்றன. ஒன்றில் காதுக்குள் சிறு கருவியை வைத்து உட்செவி திருப்பி அனுப்பும் ஒலியை அளப்பார்கள். 'பெரா' எனப்படும் மற்றொன்றில் தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் பதிலைப் பதிவு செய்வார்கள்; இதற்குக் குழந்தை தூங்க வேண்டும். அன்று காலை சீக்கிரம் எழுப்பிவிட்டு, வழியில் தூங்கவிடாமல் கூட்டிச் செல்லுங்கள். எங்கள் மகன் வாகனத்தில் நிம்மதியாகத் தூங்கிவிட்டு, சோதனை அறையில் இரண்டரை மணி நேரம் விளையாடினான். வேறொரு நாள் மறுபடி போனோம்.

கண்ணையும் சேர்த்துச் சோதித்துவிடுங்கள்.

காரணம் தேடும் சோதனைகள்

எல்லாக் குழந்தைக்கும் எல்லாச் சோதனையும் தேவைப்படாது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கேளுங்கள்: "இதன் முடிவு வந்தால் நாம் செய்வதில் எது மாறும்?" தைராய்டு குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, ஈயநச்சு போன்றவை சிகிச்சையால் மாறக்கூடியவை, எளிய இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். நடை தாமதமான ஆண் குழந்தைக்கு இரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் என்ற தசை நொதியின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். டுஷென் என்ற தசைச்சிதைவு நோயில் அது மிக அதிகமாக இருக்கும்; மலிவான இந்தச் சோதனை விடுபட்டு ஆண்டுகள் வீணாவது உண்டு.

மரபணுச் சோதனைகளில், காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதத்துக்குப் பல இடங்களில் முதலில் எடுப்பது குரோமோசோம் மைக்ரோஅரே. குரோமோசோம்களில் சிறு துண்டுகள் குறைந்தோ கூடியோ இருப்பதை அது காட்டும். 2010-ல் வந்த நிபுணர் கூட்டறிக்கையின்படி, பழைய குரோமோசோம் சோதனை ஏறக்குறைய 3 சதவீதக் குழந்தைகளுக்கு விடை தந்த இடத்தில் இது 15 முதல் 20 சதவீதம் வரை தந்தது. அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறு இதில் சிக்காது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். அடுத்த படி எக்ஸோம்: மரபணுக்களில் புரதம் உருவாக்கும் பகுதிகளை எழுத்தெழுத்தாகப் படிப்பது. தாய், தந்தை, குழந்தை மூவரின் மாதிரியையும் சேர்த்துக் கொடுத்தால் விடை கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

முடிவு மூன்று விதமாக வரும். காரணம் கிடைத்தது என்று வரலாம். ஒன்றும் கிடைக்கவில்லை என்று வரலாம். 'பொருள் தெளிவற்ற மாற்றம்' என்றும் வரலாம்; எங்களுக்கு வந்தது அதுதான். அந்த வார இரவுகளில் நான் அந்த மரபணுவின் பெயரைத் தேடித் தேடிப் படித்ததில் கண் எரிந்ததுதான் மிச்சம். அது நோய்க்குக் காரணமாக இருக்கலாம், வெறும் குடும்ப மச்சம் போன்ற வேறுபாடாகவும் இருக்கலாம். பெற்றோரிடமும் அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அறிவியல் வளர வளர அதே தரவை ஒன்றிரண்டு ஆண்டு கழித்து மறு ஆய்வு செய்யலாம். புதிதாக இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. அதனால் அறிக்கையை மட்டுமல்லாமல் மூலத் தரவையும் கேட்டு வாங்கி வையுங்கள். மரபணு ஆலோசகரிடம் பேசாமல் அறிக்கையைத் தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள்.

மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க இந்த வயதில் மயக்க மருந்து வேண்டியிருக்கும். தலைச் சுற்றளவு மிகப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால், உடலின் ஒரு பக்கம் பலவீனமாக இருந்தால், வலிப்போ திறன் இழப்போ இருந்தால் அதற்குப் பயன் அதிகம். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் வலிப்புச் சந்தேகம் இருந்தால்தான். 'எதற்கும் ஒன்று எடுத்துவிடலாம்' என்று எடுப்பவை அல்ல இவை.

ஐந்து வயதுக்குள் நடை, பேச்சு, பழகுதல் போன்ற வளர்ச்சித் துறைகளில் இரண்டிலோ அதற்கு மேலோ குறிப்பிடத்தக்க தாமதம் இருந்தால் 'பல்துறை வளர்ச்சித் தாமதம்' என்று எழுதுவார்கள். அதைக் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் பார்த்ததைத்தான் மருத்துவ மொழியில் எழுதியிருக்கிறார்கள். தேடல் அதோடு முடிவதில்லை. ஆனால் பல இடங்களில் பயிற்சியும் உதவியும் பெற அந்தக் காகிதம் சாவியாகிறது, பத்திரப்படுத்துங்கள்.

காத்திருக்கும் காலத்தில்

பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், கைவேலைத் திறன்களையும் அன்றாடச் செயல்களையும் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்: இவர்களில் யாரும் நோயின் பெயர் தெரியாமல் வேலை செய்ய முடியாது என்று சொல்ல மாட்டார்கள். குழந்தையால் இன்று எது முடிகிறது, அடுத்த படி எது என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். உங்களை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் பயிற்சி எனக்குப் பிடிப்பதில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்களிடம். மீதி நேரமெல்லாம் உங்களிடம். வீட்டில் செய்ய வேண்டியதை உங்களுக்குக் கற்றுத் தருபவரைத் தேர்ந்தெடுங்கள்.

எங்கள் பயிற்சியாளர் முதல் நாள் தந்த வேலை ஒரு சோப்புக் குமிழிப் புட்டி. இரண்டு முறை ஊதிவிட்டு மூடியை இறுக்கித் திருகி அவன் கையில் கொடுக்கச் சொன்னார். பிறகு வாயை மூடிக்கொண்டு பத்து எண்ணச் சொன்னார். அவன் புட்டியைத் திருப்பினான், தரையில் தட்டினான், மூடியைக் கடித்தான். ஐந்தாவது எண்ணிலேயே எனக்கு உதவத் துடித்தது. ஏழாவதில் புட்டியை என் மடியில் வைத்தான். ஒன்பதாவதில் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தான். "திற" என்று ஒரே ஒரு சொல் சொல்லித் திறந்தேன். நான்கு மாதம் தினமும் இதையே செய்த பிறகு அவன் "தீ" என்றான்.

அந்தப் பத்து எண்ணிக்கைதான் வீட்டில் செய்யக்கூடியவற்றில் பெரியது. நாம் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிகூட விடாமல் பதிலையும் சொல்லிவிடுகிறோம். மற்றவை எளியவை. குழந்தை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சொல்லுங்கள், உங்களுக்குப் பிடித்ததை அல்ல. நீளமாகப் பேசாமல், குழந்தை பேசுவதைவிட ஒரு சொல் மட்டும் கூடுதலாகப் பேசுங்கள். இரண்டு பொருளைக் காட்டி "எது?" என்று தேர்ந்தெடுக்க விடுங்கள். குளிப்பது, உடுத்துவது, படுப்பது ஆகிய வேளைகளிலேயே இவ்வளவும் நடக்கும். தனியாகப் பாடவேளை வைத்து இருவரும் அழ வேண்டாம்.

சைகையோ படமோ பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்பது வீண் பயம். வீட்டில் இரண்டு மொழி பேசுவதாலும் வளர்ச்சித் தாமதம் வருவதில்லை. உங்களுக்கு இயல்பாக வரும் மொழியை விட்டுவிட்டுத் தடுமாறும் மொழியில் கொஞ்சாதீர்கள். திரை விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: ஒரு வயதில் வேண்டாம், இரண்டு வயது முதல் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல். திரையை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களையும் முழுவதும் நம்ப வேண்டாம். நிறுத்தினால் நீங்கள் பேச இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

மருத்துவம் என்ற பெயரில் வருபவை

பதில் தேடி அலையும் பெற்றோரைத் தேடி வருபவர்களும் உண்டு. ஸ்டெம் செல் ஊசி, உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றும் கீலேஷன், அழுத்த ஆக்சிஜன் அறை என்று விற்கிறார்கள். ஈயநச்சு உறுதியானவர்களுக்குக் கீலேஷன் மருந்து. மற்ற குழந்தைகளுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். 'இத்தனை மாதத்தில் பேசவைத்துவிடுவோம்' என்று உத்தரவாதம் தருபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பேச்சும் காதில் விழும். அதைக் கிளப்பிவிட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது.

வீட்டில் மற்றவர்கள்

"இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான்" என்பார் பாட்டி. அன்பினால் சொல்வது. தகவலாக எடுத்துக்கொண்டு குடும்ப வரலாற்றுப் பக்கத்தில் எழுதிவிட்டு, சோதனைக்குக் கிளம்புங்கள். உறவினர்களிடம் வாதாடுவதைவிட வேலை கொடுப்பது நல்லது: "நீங்கள் இருக்கும்போது குமிழி விளையாட்டை ஐந்து முறை விளையாடுங்கள்." என் மாமியார் என்னைவிடப் பொறுமையாகப் பத்து எண்ணுவார்.

மூத்த குழந்தை இருந்தால், தம்பிக்கோ தங்கைக்கோ என்ன என்று இரண்டு வாக்கியத்தில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தன்னால்தான் இப்படி என்று கற்பனை செய்துகொள்ளும். நீங்களும் வாரத்தில் ஓர் இரவாவது முழுதாகத் தூங்க ஏற்பாடு செய்யுங்கள். தொடர்ந்து அழுகை வந்தால், எதிலும் மனம் ஒட்டாவிட்டால், உங்களுக்கும் ஒரு மருத்துவர் வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை

நோட்டின் பழைய பக்கங்களை எடுத்து இப்போதைய பக்கத்தோடு வைத்துப் படியுங்கள். தினமும் பார்ப்பவர்களுக்குத் தெரியாத நகர்வு அங்கே தெரியும், நின்றுபோனதும் தெரியும். நின்றுபோயிருந்தால் பயிற்சியின் இலக்கை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். எல்லா அறிக்கைகளையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் அடுக்கி, முதல் தாளில் ஒரு பக்கச் சுருக்கம் வையுங்கள்: இன்றைய நிலை, எடுத்த சோதனைகள், வரவேண்டிய முடிவுகள், அடுத்து கேட்க வேண்டிய மூன்று கேள்விகள். மூன்றுக்கு மேல் இருந்தால் நான்காவதைக் கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

எங்கள் கோப்பின் முதல் தாளில் இப்போது இருக்கும் முதல் கேள்வி, அந்தத் தெளிவற்ற மாற்றத்தை மறு ஆய்வுக்கு அனுப்பலாமா என்பது. சந்திப்பு வரும் மாதம். குழாயடிக்கு என் கணவரை இப்போதும் இழுத்துக்கொண்டுதான் போகிறான். வாயால் "தண்ணி" என்றும் சொல்கிறான். அதையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.